உரிமத் தேர்வுக்குக் குறிப்பு எழுதிப் பகிரும் மூத்த செவிலியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும்,

வணக்கம். அமெரிக்காவிலும் கனடாவிலும் செவிலியராகப் பணிபுரிய எழுத வேண்டிய என்க்ளெக்ஸ் தேர்வுக்காக நீங்கள் நாள்தோறும் எழுதி அனுப்பும் ஒற்றை வரிக் குறிப்புகளைப் பல ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் பேருந்தில், கண் செருகும் நேரத்தில், கைப்பேசியில் உங்கள் குறிப்பு ஒன்றைப் படித்துவிட்டு அன்றைய படிப்பு முடிந்தது என்று நினைத்த நாட்கள் எனக்கும் உண்டு. பயிற்சி மையத்தில் பணம் கட்டிச் சேர வழியில்லாத செவிலியர்கள் பலர், உங்கள் குறிப்புகளை மட்டுமே நம்பிச் சென்னைத் தேர்வு மையத்தின் படியேறியிருக்கிறார்கள். எந்தப் பயனும் எதிர்பாராமல் நீங்கள் செய்துவரும் இந்த வேலைக்கு முதலில் மனமார்ந்த நன்றி. அந்த நன்றியோடுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள் வைக்க விரும்புகிறேன். குறிப்பு எவ்வளவு சிறியதாகவும் இருக்கட்டும்; அது யாருக்குப் பொருந்தும், எந்த அலகில், எந்தக் காரணத்தால், எந்த ஆண்டின் வழிகாட்டுதல்படி என்பவற்றை அதிலிருந்து நீக்கிவிடாதீர்கள். இடத்தை மிச்சப்படுத்துவதற்காக நாம் முதலில் வெட்டுவது இவற்றைத்தான். தேர்வும் நோயாளியும் நம்மிடம் கேட்பதும் இவற்றைத்தான்.

தேர்வில் எனக்கு வந்த கேள்விகளை இங்கே சொல்ல மாட்டேன். அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். வார்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு நான் பணிபுரிந்த குழந்தைகள் வார்டில், இதயத்தில் ஓட்டை உள்ள ஏழு மாதக் குழந்தை ஒன்று அனுமதிக்கப்பட்டிருந்தது. குழந்தைக்குக் காலையில் டிஜாக்சின் என்ற இதய மருந்தைத் திரவமாகக் கொடுக்க வேண்டும். புதிதாகப் பணியில் சேர்ந்திருந்த, படிப்பில் மிகவும் கெட்டிக்காரியான ஒரு பெண் துடிப்பை எண்ணிவிட்டு வந்து, "எண்பத்தெட்டு இருக்குக்கா, அறுபதுக்கு மேலதானே, குடுத்துடவா?" என்று கேட்டாள். அவள் கையில் மருந்து அளந்து தயாராக இருந்தது. "துடிப்பு 60-க்குக் கீழே போனால் டிஜாக்சினை நிறுத்து" என்பது நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த குறிப்பு. அந்தக் குறிப்பில் தவறில்லை. அது பெரியவர்களுக்கு உரியது என்ற ஒரு சொல் மட்டும் அதிலிருந்து எங்கோ கழன்று விழுந்துவிட்டது. கைக்குழந்தைக்கு 90 முதல் 110 வரையிலான எல்லைக்குக் கீழே துடிப்பு இறங்கினாலே மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரிடம் கேட்க வேண்டும். சற்று வளர்ந்த பிள்ளைக்கு அந்த எல்லை 70. நாங்கள் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து முழுதாக ஒரு நிமிடம் மறுபடி எண்ணினோம். குழந்தையின் அம்மாவிடம் விசாரித்தபோது, விடியற்காலையில் இருந்து பால் குடிக்கவில்லை என்றும் இரண்டு முறை வாந்தி எடுத்தது என்றும் சொன்னார். வாந்தியும் பசியின்மையும் டிஜாக்சின் நஞ்சாகத் தொடங்கியதன் முதல் அறிகுறிகள். மருந்தை நிறுத்தி, மருத்துவரை அழைத்து, இரத்தம் எடுத்து அனுப்பினோம், பொட்டாசியம் குறைந்திருந்தது.

பொட்டாசியம் ஏன் குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் குறிப்பின் பாதி உயிர் அங்கேதான் இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு நீர் இறங்குவதற்காக ஃப்ரூசமைடும் கொடுத்துவந்தார்கள். ஃப்ரூசமைடு சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும். இதயத் தசைச் செல்லில் டிஜாக்சின் போய் ஒட்டும் அதே இடத்தில் பொட்டாசியமும் போட்டியிடுகிறது. பொட்டாசியம் குறைந்தால் போட்டி குறைந்து, அதே அளவு டிஜாக்சின் கூடுதலாகத் தாக்கும். ஆகவே இரத்தத்தில் டிஜாக்சின் அளவு மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 2 நானோகிராம் என்ற வழக்கமான எல்லைக்குள் இருந்தாலும், பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் கீழே இருக்கும் நோயாளி ஆபத்தில் இருக்கலாம். இந்த ஒரு காரணத்தைப் புரிந்துகொண்டவருக்கு, வயிற்றுப்போக்கு உள்ள முதியவர், நீரிறக்கும் மாத்திரை எடுப்பவர், வாந்தி எடுக்கும் குழந்தை என்று கேள்வி எந்த வேடத்தில் வந்தாலும் விடை தெரியும். "டிஜாக்சின் – 60" என்று மட்டும் படித்தவருக்கு ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை தெரியும்.

தேர்வு எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தாலும் இதுவே புலப்படும். என்க்ளெக்ஸ் 1994-ஆம் ஆண்டிலிருந்து கணினியில் நடைபெறுகிறது. நாம் அளிக்கும் ஒவ்வொரு விடையையும் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தைக் கணினி மாற்றிக்கொள்கிறது. வெறும் நினைவாற்றலைச் சோதிக்கும் கேள்விகளைவிட, அறிந்ததை ஒரு நோயாளியிடம் பொருத்திப் பார்க்கச் சொல்லும் கேள்விகளே அதில் மிகுதி. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வடிவத்தில், ஒரே நோயாளியின் கதையை விரித்து அதன் மீது ஆறு கேள்விகள் வைக்கும் தொகுப்புகள் மூன்று இடம்பெறுகின்றன. எந்த அறிகுறி முக்கியம் என்று கண்டறிதல், அதை ஆராய்தல், எது முதன்மையான சிக்கல் என்று வரிசைப்படுத்துதல், தீர்வுகளை யோசித்தல், செயல்படுதல், செயலின் பயனை மதிப்பிடுதல் என்ற ஆறு படிகளும் அந்த ஆறு கேள்விகளுக்குள் அடங்கியிருக்கின்றன. நம் ஒற்றை வரிக் குறிப்பு பெரும்பாலும் ஐந்தாவது படியை மட்டுமே, அதாவது என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது. அதற்கு முன்னால் உள்ள நான்கு படிகளையும் ஏறாமல் அங்கே போய் நிற்க முடியாது.

நம் ஊரில் படித்த செவிலியருக்குக் கூடுதலாக ஒரு சிரமம் இருக்கிறது. இங்கே படிப்பை முடித்து மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டால் நாம் செவிலியர். உரிமம் பெறுவதற்கென்று தனியாக ஒரு தேர்வை எழுதிப் பழக்கமில்லை. ஆகவே வார்டில் ஐந்து, பத்து ஆண்டுகள் வேலை செய்தபிறகுதான் முதன்முதலாக இத்தகைய தேர்வின் முன் உட்காருகிறோம். கைக்குப் பழகிய வழக்கமும் தேர்வு எதிர்பார்க்கும் வழக்கமும் மோதுகின்ற இடங்களில் அனுபவசாலிகளே அதிகம் தடுமாறுகிறார்கள். மெக்னீசியம் சல்ஃபேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பிரசவ வார்டுகளில் வலிப்பு வந்த தாய்க்கு 4 கிராமை இரத்தக் குழாய் வழியாகவும், இடுப்பின் இரு பக்கமும் 5 கிராம் வீதம் தசை வழியாகவும் செலுத்தி, பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம் கொடுக்கும் முறையைப் பலர் கையாண்டிருப்போம். அமெரிக்க நடைமுறையிலோ 4 முதல் 6 கிராம் வரை தொடக்க அளவாகக் கொடுத்து, பிறகு பம்ப் வைத்து மணிக்கு 1 முதல் 2 கிராம் வீதம் இரத்தக் குழாய் வழியாகச் செலுத்துவதே வழக்கம். அளவை மட்டும் மனப்பாடம் செய்தால் இரண்டும் குழம்பும். காரணத்தைப் படித்தால் குழம்பாது: மெக்னீசியம் நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையை மட்டுப்படுத்துகிறது, அது சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. எனவே சிறுநீர் மணிக்கு 30 மி.லி.க்குக் கீழே குறைந்தால் மருந்து உடலில் தேங்கும். தேங்கினால் முதலில் முழங்கால் அனிச்சை மறையும், அதற்குப் பிறகுதான் மூச்சு நிமிடத்துக்கு 12-க்குக் கீழே இறங்கும், இறுதியில் இதயம் நிற்கும். இந்த வரிசை தெரிந்த செவிலியர், சுத்தியலை எடுத்து முழங்காலைத் தட்டிப் பார்ப்பதை ஏன் ஒருபோதும் தவறவிடக் கூடாது என்பதை அறிவார். கட்டிலருகே முறிமருந்தான கால்சியம் குளுக்கோனேட் ஏன் தயாராக இருக்க வேண்டும் என்று அவருக்குத் தனிக் குறிப்பு தேவைப்படாது.

மருந்துப் பெயர்களும் அப்படியே. நாம் பாராசிட்டமால் என்பதை அவர்கள் அசிட்டமினோஃபென் என்கிறார்கள். அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின். சால்பியூட்டமால் அங்கே ஆல்ப்யூட்டரால். பெத்திடின் அங்கே மெபெரிடின். பாராசிட்டமாலை ஆயிரம் முறை கொடுத்த கை, அசிட்டமினோஃபென் என்ற பெயரைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்குகிறது. குறிப்பில் இரண்டு பெயரையும் சேர்த்து எழுதுவதற்கு ஒரு சொல்தானே கூடுதல்? எடையை அவர்கள் பவுண்டில் சொல்வார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும். 66 பவுண்டு எடையுள்ள பிள்ளை 30 கிலோ பிள்ளை, 2.2 ஆல் வகுக்க மறந்து 66-ஐக் கிலோ என்று எடுத்துக்கொண்டால் மருந்து இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும்.

வேலையைப் பிறரிடம் ஒப்படைப்பது பற்றிய குறிப்புகளில் இந்த மோதல் இன்னும் கூர்மையாகிறது. நம் வார்டில் நோயாளியின் அம்மாவோ மனைவியோ உடனிருந்து ஊட்டுகிறார், துடைத்துவிடுகிறார், திருப்பிப் படுக்கவைக்கிறார், சிறுநீர்ப் பை (யூரோபேக்) நிறைந்ததைச் சொல்கிறார். ஆயாம்மாக்கள் மீதியைச் செய்கிறார்கள். தேர்வு காட்டும் மருத்துவமனையில் உடனிருப்பவருக்கு அந்த இடம் இல்லை. அங்கே பதிவு பெற்ற செவிலியர், உரிமம் பெற்ற துணைச் செவிலியர், உதவிப் பணியாளர் என்று மூன்று நிலைகள். நோயாளியை மதிப்பிடுதல், அவருக்குக் கற்பித்தல், சிகிச்சையின் பயனை ஆராய்தல் ஆகிய மூன்றையும் பதிவு பெற்ற செவிலியர் யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது என்பது அடிப்படை. "உதவிப் பணியாளர் உணவு ஊட்டலாம்" என்று நாம் எழுதும் குறிப்பு பொதுவாகச் சரிதான். ஆனால் பக்கவாதம் வந்து முதன்முறையாக வாய்வழி உணவு பெறும் நோயாளிக்கு அது பொருந்தாது, ஏனென்றால் அங்கே ஊட்டுவது என்பது விழுங்கும் திறனை மதிப்பிடுவதும் ஆகிவிடுகிறது. மொழிபெயர்ப்பும் இதே வகை: இங்கே தமிழ் தெரியாத நோயாளி வந்தால் அவருடைய மகனைக் கூப்பிட்டுப் பேசச் சொல்வோம், அதில் அன்பும் வசதியும் உண்டு. அங்கே பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைத்தான் அழைக்க வேண்டும். மகன் தன் தாயிடம் கெட்ட செய்தியைச் சொல்லாமல் மறைக்கலாம், தாய் தன் மாதவிடாய் பற்றி மகனிடம் பேசக் கூசலாம். இந்தக் காரணத்தைத் தமிழில் இரண்டு வரி எழுதிவிட்டால், படிப்பவர் அதைத் தன் வார்டின் முகங்களோடு சேர்த்து நினைவில் வைப்பார்.

தமிழில் எழுதுங்கள் என்று நான் சொல்வதற்கும் காரணம் உண்டு. கேள்வி ஆங்கிலத்தில்தான் வரும். கலைச்சொல்லை ஆங்கிலத்தில்தான் அறிந்திருக்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த நம் பெண்கள் பலர், நான்கு ஆண்டுகளும் ஆங்கிலப் பாடத்தைப் பொருள் விளங்காமலேயே மனப்பாடம் செய்து தேறியவர்கள். அவர்களுக்கு "ஏன்" என்பது இதுவரை எந்த மொழியிலும் சொல்லப்படவே இல்லை.

அடுத்து, குறிப்பின் வயது. 75 முதல் 265 கேள்விகள், ஆறு மணி நேரம் என்று சொல்லும் குறிப்புகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. இப்போது குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். இது வெறும் தகவல் பிழைதான். சிகிச்சைக் குறிப்புகள் பழையனவாகும்போது விளைவு பெரிது. இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தும் வேகம் நிமிடத்துக்குக் குறைந்தது 100 என்று 2010-இல் இருந்த வழிகாட்டுதல், 2015-இல் 100 முதல் 120 வரை என்று மேல் எல்லையோடு மாறியது. ஆழமும் 5 முதல் 6 செ.மீ. என்று வரையறுக்கப்பட்டது. மாரடைப்பு என்றால் எல்லோருக்கும் ஆக்சிஜன் வை என்ற பழைய பாடமும் மாறி, இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 90 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் மட்டும் வை என்றாகிவிட்டது. ஒவ்வொரு குறிப்பின் கீழும் ஆண்டை எழுதிவிட்டால், ஐந்து ஆண்டு கழித்து அதைப் பெறும் ஒரு தங்கை, இதை ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று தானே அறிந்துகொள்வாள்.

தீக்காயம் பட்டவருக்கு ஏற்ற வேண்டிய திரவத்தின் கணக்கில் நான் சொல்லும் அத்தனை குறையும் ஒன்றுசேர்ந்து வருவதால் அதை மட்டும் விரித்துச் சொல்கிறேன். "4 மி.லி. × எடை × எரிந்த விழுக்காடு, பாதியை முதல் 8 மணி நேரத்தில்" என்பது குறிப்பு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 30 விழுக்காடு எரிந்திருந்தால் 24 மணி நேரத்துக்கு 7,200 மி.லி. ரிங்கர் லாக்டேட், அதில் பாதி 3,600. இதை எட்டால் வகுத்து மணிக்கு 450 என்று எழுதுகிறவர்கள் ஏராளம். ஆனால் அந்த எட்டு மணி நேரம் நெருப்புப் பட்ட நொடியிலிருந்து தொடங்குகிறது, நோயாளி நம் வாசலுக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. அடுப்பங்கரையில் காலை ஆறு மணிக்குச் சேலையில் தீப்பிடித்த பெண்ணை, வழியில் எந்தத் திரவமும் ஏற்றாமல் எட்டு மணிக்குக் கொண்டுவந்தால், மீதமிருப்பது ஆறு மணி நேரம். மணிக்கு 600 செலுத்த வேண்டும். ஏன் அப்படி? எரிந்த கணமே இரத்தக் குழாய்களிலிருந்து நீர் திசுக்களுக்குள் கசியத் தொடங்குகிறது, நாம் வரவேற்புப் பதிவேட்டில் நேரம் எழுதும்வரை அது காத்திருப்பதில்லை. இன்னும் ஒன்று: அளவுக்கு மீறிய திரவமும் தீங்கு என்று தெரிந்த பிறகு, பெரியவர்களுக்கு 4-க்குப் பதிலாக 2 மி.லி.யில் தொடங்கும் வழிகாட்டுதல்கள் 2018-லிருந்து வந்துவிட்டன. எந்த எண்ணில் தொடங்கினாலும், கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி., அதாவது இந்த நோயாளிக்கு மணிக்கு 30 மி.லி. சிறுநீர் போகிறதா என்பதைப் பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். எந்தச் சூத்திரத்தின்படி என்று கேள்வியிலேயே சொல்லியிருந்தால் அந்த எண்ணையே பயன்படுத்த வேண்டும் என்பதையும் குறிப்பில் சேருங்கள்.

இப்போது, தேர்வில் வந்ததைச் சொல்ல மாட்டேன் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு வருகிறேன். தேர்வு தொடங்குமுன் கேள்விகளை யாரிடமும் வெளியிட மாட்டேன் என்று ஒவ்வொருவரும் ஒப்புக்கொள்கிறோம். அதை மீறினால் தேர்வு முடிவு இரத்தாகலாம், உரிமமே மறுக்கப்படலாம். இருந்தும், "ரீகால்" என்ற பெயரில் தேர்வு எழுதியவர்களிடம் கேள்விகளைக் கேட்டு வாங்கித் தொகுத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு செவிலியர் தன் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து அப்படி ஒரு தொகுப்பை வாங்கினார். அதில் பாதி விடைகள் தவறு. இரண்டு மாதம் அதையே படித்துவிட்டுப் போய்த் தோற்று வந்து என் முன்னால் அழுதார். தேர்வுக் கட்டணம் 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவதற்கு மேலும் 150 டாலர். தோற்றவர் மறுபடி எழுத 45 நாள் காத்திருக்க வேண்டும். வீட்டில் நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. உங்களில் யாரும் பணத்துக்காக இதைச் செய்யவில்லை என்று அறிவேன். ஆனால் "நேற்று ஒரு அக்காவுக்கு இது வந்ததாம்" என்று நல்ல மனத்தோடு அனுப்பும் ஒரு வரியும் அந்த அக்காவின் உரிமத்தை ஆபத்துக்கு உள்ளாக்குகிறது. தயவுசெய்து அதை நிறுத்திவிடுங்கள். பாடத்தைப் பகிர்வதற்கு எல்லை இல்லை, கேள்வியைப் பகிர்வதற்கு நமக்கு உரிமை இல்லை.

இவ்வளவும் சேர்த்தால் ஒற்றை வரி எப்படி ஒற்றை வரியாக இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். இருக்காது, ஐந்தாறு வரி ஆகும். ஒரு நாளைக்கு இருபது குறிப்பு அனுப்புவதற்குப் பதிலாக மூன்று அனுப்பினால் போதும் என்று நினைக்கிறேன். கேட்டுவிட்டு ஒதுங்கி நிற்க எனக்கு மனமில்லை. வாரத்துக்கு மூன்று குறிப்பு இந்த முறையில் எழுதித் தர நானும் ஆயத்தமாக இருக்கிறேன். முதல் குறிப்பை இங்கேயே எழுதிவிடுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

இரத்தம் ஏற்றுதல், பெரியவர்களுக்கு: 18 அல்லது 20 கேஜ் அளவு வென்ஃப்ளான் (இரத்தக் குழாயில் செருகும் ஊசிக் குழாய்) உகந்தது, ஊசி குறுகலானால் ஓட்டம் மந்தமாகும். அதே குழாயில் நார்மல் சலைன் தவிர வேறெதையும் விடக் கூடாது. டெக்ஸ்ட்ரோஸ் சிவப்பணுக்களை உடைக்கும், ரிங்கர் லாக்டேட்டில் உள்ள கால்சியம் இரத்தப் பையில் உள்ள சிட்ரேட்டோடு சேர்ந்து கட்டி உண்டாக்கும். நோயாளியின் பெயர், அடையாள எண், இரத்த வகை ஆகியவற்றைக் கட்டிலருகிலேயே இருவர் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் உயிரைக் குடிக்கும் பிழைகள் பெரும்பாலும் நோயாளி மாறிப்போவதால் வருபவை. முதல் 15 நிமிடம் செவிலியர் அருகிலேயே இருக்க வேண்டும், கடுமையான எதிர்வினை அப்போதுதான் தலைகாட்டும். ஒரு பையை 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அறை வெப்பத்தில் அதற்கு மேல் இருந்தால் கிருமி பெருகும். குளிர்நடுக்கமோ, இடுப்பு வலியோ, காய்ச்சலோ, மூச்சுத் திணறலோ தெரிந்தால் மருத்துவரை அழைப்பதற்கும் முன்பாக இரத்தத்தை நிறுத்த வேண்டும். குழாய் முழுவதையும் மாற்றிப் புதிய குழாயில் சலைன் விட வேண்டும், பழைய குழாயில் சலைன் விட்டால் அதில் தங்கியிருக்கும் இரத்தமும் சேர்ந்து உள்ளே போகும்.

அன்புடன்,
குழந்தைகள் வார்டுச் செவிலியர் ஒருத்தி,
மதுரை